சோழமண்டலம் போனால் முதலில் தோட்டம், அப்புறம் அருங்காட்சியகம்

சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் உள்ள சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்குக் காலையிலேயே போய், முதலில் தோட்டத்துக் கற்சிற்பங்களைப் பார்த்துவிடுங்கள். அருங்காட்சியகத்தை வெயில் ஏறியபின் வைத்துக்கொள்ளலாம். சாய்ந்து விழும் வெயிலில் கருங்கல்லில் உளி கொத்திய ஒவ்வொரு குழிக்கும் தனி நிழல் விழும். சிற்பியின் கை போன திசைகூடப் புரியும். உச்சி வெயிலில் அதே கல் வெறும் தட்டையாகத் தெரியும். அருங்காட்சியகத்துக்குள் வெயிலின் சாய்வு அவ்வளவு முக்கியமில்லை.

மேகமூட்டமான நாளில் இந்த வரிசை தேவையில்லை. உலோகச் சிற்பங்களுக்கும் பொருந்தாது, சாய்வெயிலில் கண் கூசும். இன்னொன்று: 1966-இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் கலைஞர்கள் உருவாக்கிய இந்தக் கிராமத்தில் இன்றும் குடும்பங்கள் வசிக்கின்றன. வீடுகளுக்குள் கேட்காமல் நுழைய வேண்டாம்.