இரண்டாயிரம் ரிங்கிட்டுக்குள் மடிக்கணினி: எந்தக் குறையை ஏற்கலாம், எதை ஏற்கக் கூடாது

மலேசியாவில் ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். முடிவு வெளிவந்து, மெட்ரிகுலேஷன், ஆறாம் படிவம், டிப்ளோமா என்று பிள்ளைகள் ஆளுக்கொரு திசையில் கிளம்பும் காலத்தில், சுங்கை சிப்புட் கடைத்தெருவில் தோட்டத்துப் பெற்றோர் கணினிக் கடை ஏறி இறங்குவதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். செம்பனைக் குலை வெட்டியும் கூட்டுப்பணம் கட்டியும் சேர்த்த காசோடு வரும் அவர்கள் கடைக்காரரிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "இதுல எதுங்க நல்லது?" அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில், கடையில் தேங்கிக் கிடக்கும் சரக்கைப் பொறுத்தது. இரண்டாயிரம் ரிங்கிட்டுக்குள் விற்கும் எந்த மடிக்கணினியிலும் விலையை இறக்குவதற்காக ஏதோ ஒன்று குறைக்கப்பட்டே இருக்கும். எது குறைக்கப்பட்டது, பின்னால் கையில் பணம் சேரும்போது அந்தக் குறையைச் சரிசெய்ய முடியுமா என்பதையே நாம் கேட்க வேண்டும்.

இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது, அண்ணன் மகளுக்காக 4 ஜிபி ரேமும் (திறந்திருக்கும் வேலைகளைத் தாங்கும் தற்காலிக நினைவகம்) 64 ஜிபி சேமிப்பகமும் கொண்ட புதிய மடிக்கணினி ஒன்றை, விலையை மட்டும் பார்த்து வாங்கிக் கொடுத்தேன். நான்கே மாதத்தில் விண்டோஸ் புதுப்பிப்புக்கு இடமில்லை என்ற அறிவிப்பு வந்தது. சேமிப்பகத்தின் அளவைக் காட்டும் பட்டை ஓரம்வரை சிவந்திருந்தது. இயங்கலை வகுப்பில் அவள் கேமராவைத் திறந்தால் ஆசிரியரின் குரல் அறுந்து அறுந்து கேட்டது. ரேமை ஏற்றித் தரும்படி பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனேன். அவர் அடிமூடியைக் கழற்றி, பச்சைப் பலகையில் விரல் நகமளவு கறுப்புச் சில்லுகள் இரண்டைக் காட்டி, "மாத்துறதுக்கு ஒன்னுமே இல்லண்ணே, எல்லாம் போர்டுலயே ஒட்டியிருக்கு" என்றார். அந்தப் பிள்ளை மிச்ச வகுப்புகளைக் கைப்பேசியில்தான் படித்தாள். விற்றவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கேட்க வேண்டியதை நான் கேட்கவில்லை.

ஆகவே ரேமிலிருந்து தொடங்குங்கள். விண்டோஸ் 11 நிறுவுவதற்கு 4 ஜிபி ரேமும் 64 ஜிபி சேமிப்பகமும் போதும் என்று மைக்ரோசாஃப்ட் கூறுவது உண்மை. ஆனால் அது கணினி உயிரோடு எழுந்து நிற்பதற்கான அளவு. உலாவியில் பத்துப் பக்கங்களும் ஒரு கட்டுரையும் ஒரு காணொளி வகுப்பும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் மாணவருக்கு அது காணாது. குறைந்தது 8 ஜிபி தேவை. அந்த 8 ஜிபி பலகையிலேயே ஒட்டப்பட்டதா, கழற்றி மாற்றும் துளையில் செருகப்பட்டதா என்பது அதைவிட முக்கியமான விவரம். இதைக் கடையிலேயே, காட்சிக்கு வைத்திருக்கும் கணினியிலேயே பார்த்துவிடலாம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குச் சென்று மெமரியைத் தொடுங்கள். கீழே ஃபார்ம் ஃபேக்டர் என்ற வரியில் 'எஸ்ஓடிஐஎம்எம்' என்றிருந்தால் மாற்றக்கூடிய ரேம் உண்டு. 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்றிருந்தால் ஒட்டப்பட்டது. ஒட்டப்பட்ட 8 ஜிபியை, வேறு துளையும் இல்லாத நிலையில், மூன்றாண்டுப் படிப்புக்காக வாங்க நான் தயங்குவேன். செருகப்பட்ட 8 ஜிபி என்றால் தயங்க மாட்டேன்.

சேமிப்பகத்தில் 'ஈஎம்எம்சி' என்ற சொல்லைக் கண்டால் அந்தக் கணினியைக் கீழே வைத்துவிடுங்கள். அது கைப்பேசிகளில் பழகிய வகை. அதன் உச்ச வேகமே நொடிக்கு ஏறக்குறைய 400 மெகாபைட்தான். எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகத்தில் சாதாரண சாட்டா வகையே 550 வரை செல்லும். என்விஎம்இ எஸ்எஸ்டி பல மடங்கு வேகமானது. மேலும் ஈஎம்எம்சி பலகையோடு ஒட்டியது. 256 ஜிபி எஸ்எஸ்டி இருந்தால் போதுமானது. இடம் நிறைந்தால் பின்னால் பெரியதை வாங்கி மாற்றிக்கொள்ளலாம்.

கணினியின் மூளையான புரோசஸரை மாற்ற முடியாது என்பதால் அதன் பெயரை நிதானமாகப் படிக்க வேண்டும். இரண்டே கருக்கள் (கணக்கிடும் அலகுகள்) கொண்ட செலரான் என்4020 போன்றவற்றை இலவசமாகக் கொடுத்தாலும் யோசிக்கவே சொல்வேன். 2023-இல் வந்த இன்டெல் என்100 நான்கு கருக்கள் கொண்டது; கட்டுரை எழுதவும் கணக்குப் போடவும் வகுப்பு கேட்கவும் அது தாராளமாகப் போதும், மின்சாரத்தையும் குறைவாகவே எடுக்கும். பொறியியல் வரைபடம், காணொளித் தொகுப்பு என்று போகிறவர்களுக்கு ஐ3-1215யூ அளவாவது வேண்டும். பெயரில் பெரிய எண் இருப்பதை மட்டும் நம்பிவிட வேண்டாம். ரைசன் 5 7520யூ என்ற பெயரைப் பார்த்தால் புத்தம் புதிய நடுத்தர வகை என்று தோன்றும். 7520-இன் மூன்றாவது இலக்கமான 2, உள்ளே இருப்பது 2019-இல் வந்த ஸென் 2 வடிவமைப்பு என்பதைச் சொல்கிறது. அது மோசமான புரோசஸர் அன்று, ஆனால் ஐந்து என்ற எண்ணுக்காகக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை.

திரையைப் பற்றிப் பலர் கேட்பதே இல்லை. அதுவும் மாற்றுவதற்குச் செலவு பிடிக்கும் பாகம். 1366க்கு 768 புள்ளிகள் கொண்ட திரையில் ஒரு தமிழ்ச் செய்திப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ண, ன இரண்டுக்கும் உள்ள சுழி வேறுபாடும் மெய்யெழுத்தின் புள்ளியும் மங்கித் தெரிந்தால், இரவெல்லாம் படிக்கப்போகும் கண்ணுக்கு அது ஆகாது. 1920க்கு 1080 இருக்க வேண்டும். திரையை மெல்லப் பின்னால் சாய்க்கும்போது நிறம் வெளுத்துப்போனால் அது பழைய டிஎன் வகை. ஐபிஎஸ் வகையில் அப்படி ஆகாது. அப்போதே மூடியின் ஒரு மூலையைப் பிடித்துத் திறந்து, கீல் இருக்கும் இடத்தில் பிளாஸ்டிக் வளைகிறதா என்றும் கவனியுங்கள். மலிவு வகைகளில் கீல் பிய்ந்துபோவது அடிக்கடி நிகழ்வதால், வாங்கிய பிறகு எப்போதும் மூடியின் நடுவில் பிடித்தே திறக்கப் பழகுங்கள்.

இவ்வளவு எச்சரிக்கை சொன்னாலும் மலிவு வகைகளுக்கே உரிய நன்மைகளை நான் மறுக்கவில்லை. விடுதியில் நான்கு பேர் தங்கும் அறையில் வைத்துவிட்டுப் போகும் பொருள் ஐயாயிரம் ரிங்கிட் பெறுமானமாக இருந்தால் பிள்ளைக்கு நிம்மதி இருக்காது. பல மாடல்கள் எடை குறைந்தவை, சில விசிறியே இல்லாமல் ஓசையின்றி இயங்குபவை. கைப்பேசியில் கட்டைவிரலால் இடுபணி தட்டச்சு செய்துகொண்டிருந்த பிள்ளைக்கு ஓர் உண்மையான விசைப்பலகை கிடைப்பதே பெரிய முன்னேற்றம். தமிழ்மொழி ஆசிரியர் பயிற்சிக்குச் செல்பவர்கள் தமிழ் 99 விசைப்பலகையை விண்டோஸிலேயே சேர்த்துக்கொள்ளலாம். ஆவணங்கள் எழுத லிப்ரே ஆஃபிஸ் காசில்லாமல் கிடைக்கிறது.

அதே பணத்தில் புதுப்பித்த பழைய அலுவலக மடிக்கணினி வாங்குவதும் நல்ல வழியே, ஏனெனில் அவற்றின் கட்டுமானம் உறுதியானது, ரேமும் எஸ்எஸ்டியும் பெரும்பாலானவற்றில் மாற்றக்கூடியவை. ஆனால் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 14 அக்டோபர் 2025-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லின் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். ஐ5-7200யூ என்றால் ஏழாம் தலைமுறை, வேண்டாம். ஐ5-8250யூ என்றால் எட்டாவது, வாங்கலாம். விற்பவரிடம் விண்டோஸ் தரும் மின்கல அறிக்கையைக் காட்டச் சொல்லுங்கள். வடிவமைப்புக் கொள்ளளவு 45,000 என்றும் முழு மின்னேற்றக் கொள்ளளவு 27,000 என்றும் இருந்தால் மின்கலத்தில் அறுபது விழுக்காடுதான் மீதம். புது மின்கலத்தின் விலையையும் கூட்டியே பேரம் பேச வேண்டும்.

தவணையில் வாங்குவோர் மாதத் தொகையைப் பார்த்து மயங்காமல் பெருக்கிப் பாருங்கள். ரொக்கத்துக்கு 1,600 ரிங்கிட் என்று சொல்லும் கணினி, மாதம் 89 வீதம் 24 மாதம் என்றால் 2,136 ஆகிறது. அந்த 536 ரிங்கிட் வித்தியாசத்தைச் சேமித்தால், ரேமும் சேமிப்பகமும் ஏற்றுவதற்கான பணத்தில் பெரும்பகுதி கிடைத்துவிடும்.

நம் பக்கத்தில் பிற்பகல் இடிமழைக்குப் பஞ்சமில்லை. மேகம் கறுத்ததும் மின்னேற்றியைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு மின்கலத்தில் வேலை செய்ய வேண்டும்; அதனால்தான் மின்கலம் இரண்டு மணி நேரமாவது தாங்குகிறதா என்பதை முதல் வாரத்திலேயே சோதித்துவிட வேண்டும். அந்த வாரத்தில் கேமரா, ஒலிவாங்கி, எல்லாத் துளைகளும் வேலை செய்கின்றனவா என்றும் பாருங்கள். பழுதான பொருளைக் கடை ஏற்க மறுத்தால், 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் ஐந்து ரிங்கிட் கட்டணத்தோடு, வழக்கறிஞர் இல்லாமலேயே 50,000 ரிங்கிட் வரை உரிமை கோரலாம். அங்கே பேசப்போவது ரசீது என்பதால், அதில் கணினியின் மாடலும் தொடர் எண்ணும் வாங்கிய தேதியும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று கடைப்படி இறங்குவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். வேலைக்குப் போய் வருமான வரி கட்டும் அண்ணனோ அக்காளோ தமக்காக வாங்கினால், வாழ்க்கைமுறைக்கான 2,500 ரிங்கிட் வரிக்கழிவில் இதைச் சேர்த்துக்கொள்ள முடியும். அதற்காக அந்த ரசீதை ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். ரசீதுத் தாளின் மை சீக்கிரம் மறைந்துவிடும் என்பதால் அன்றே கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.