சாஃப்ட்பால் மட்டையைக் களத்தில் இறக்குமுன் சோதிக்கும் முறை

நாகர்கோவிலில் நான் உதவிவரும் பள்ளி அணியின் பையில் சாஃப்ட்பால் மட்டைகளும் பேஸ்பால் மட்டைகளும் கலந்தே கிடந்தன. அவற்றைப் பிரித்து, பாதுகாப்பானவற்றை மட்டும் பிள்ளைகளிடம் கொடுக்க நான் கடைப்பிடிக்கும் முறை இது.

முதலில் மட்டையின் மேலுள்ள முத்திரையைப் பாருங்கள். அமெரிக்கச் சிறுவர் பேஸ்பாலில் 2018 முதல் 'யுஎஸ்ஏ பேஸ்பால்' முத்திரையும், அங்குள்ள உயர்நிலைப் பள்ளிகளில் 2012 முதல் 'பிபிசிஓஆர் .50' (பந்து மட்டையில் பட்டு மீளும் வேகத்துக்கான வரம்பு) முத்திரையும் கேட்கப்படுகின்றன. சாஃப்ட்பாலுக்குத் தனி முத்திரைகள் உண்டு. உள்ளே வெற்றிடமுள்ள உலோக மட்டையின் மெல்லிய சுவர் பந்து படும்போது உள்வாங்கி மீள்வதால் பந்து கூடுதல் வேகத்தில் திரும்புகிறது. மகளிர் சாஃப்ட்பாலில் பந்தை வீசுபவர் 43 அடி தூரத்திலிருந்து வீசி, வீசிய வேகத்தில் இன்னும் முன்னே வந்துவிடுவதால், விலகிக்கொள்ள அவருக்குக் கிடைப்பது அரை நொடிக்கும் குறைவு. இந்தக் கட்டுப்பாடுகளின் காரணம் அதுதான்.

அடுத்தது அளவு. சாஃப்ட்பால் மட்டை 34 அங்குல நீளத்தையும், 38 அவுன்ஸ் எடையையும், 2¼ அங்குல விட்டத்தையும் தாண்டக் கூடாது. நீளமும் எடையும் எளிது. விட்டத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். உருண்ட மட்டையின் மேல் அளவுகோலை வைத்துக் கண்ணால் மதிப்பிட்டால், 2⅝ அங்குலம் வரை தடித்திருக்கக்கூடிய பேஸ்பால் மட்டையும் சரியானதாகத் தோன்றிவிடும். ஆகவே தையல் டேப்பை மட்டையின் மிகத் தடித்த இடத்தில் இறுக்கமாகச் சுற்றிச் சுற்றளவைப் பாருங்கள்: 18 செ.மீ.க்குள் இருந்தால் சாஃப்ட்பால் விதிக்கு உட்பட்ட தடிமன், 21 செ.மீ.யை நெருங்கினால் அது பேஸ்பாலுக்கு உரியது. டேப் சாய்ந்தால் அளவு கூடுதலாகக் காட்டும் என்பதால் மூன்று இடங்களில் சுற்றி, ஒவ்வோர் இடத்திலும் டேப் நேராக இருக்கிறதா என்று கவனியுங்கள்.

பிறகு மட்டையை நல்ல வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, விரலால் தடவி, காதருகே குலுக்குங்கள். விரிசலோ, குழிவோ, உள்ளே கலகலப்போ இருந்தால் தயங்காமல் ஒதுக்கிவிடுங்கள். கம்போசிட் மட்டை (இழைகளைப் பிசினில் பதித்துச் செய்வது), அடி வாங்க வாங்க உள் இழைகள் தளர்ந்து, உடைவதற்கு முன்பு பந்தை முன்னிலும் வேகமாகத் தள்ளக்கூடும். ஆகவே பள்ளி அணிக்கு அலுமினிய மட்டையே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

பிடி குறைந்தது 10 அங்குலம் இருக்க வேண்டும். மட்டையின் கைப்பிடிப் பக்க முனையிலிருந்து 15 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. வழவழப்பான பிளாஸ்டிக் டேப்பைச் சுற்றுவதை விதியே தடுக்கிறது. நம் மாவட்டத்தின் புழுக்கத்தில் வியர்த்த கையிலிருந்து அத்தகைய பிடி நழுவினால் மட்டை பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் மேல் பாயும். இன்சுலேஷன் டேப்பை உரித்துவிட்டுத் துணி டேப் சுற்றுங்கள்.

ஹெல்மெட்டுக்கு வண்ணம் பூசாதீர்கள். பெயின்ட்டிலுள்ள கரைப்பான் அதன் மேலோட்டைப் பலவீனமாக்கும்.

பின்சேர்க்கை: சுற்றளவு சரியாக இருந்தும் தட்டையாகிப்போன மட்டையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். டேப்பால் அதைப் பிடிக்க முடியாது, வளையம் வேண்டும். லேத் பட்டறையில் 57.3 மி.மீ. துளையுடன் ஒரு நைலான் வளையம் கடைந்து வாங்கி, தடித்த முனையிலிருந்து பிடி வரை நகர்த்துங்கள். எங்கேனும் சிக்கினால் அந்த மட்டை ஆட்டத்துக்கு உதவாது. மரவளையம் இரண்டு பருவமழைகளின் ஈரத்திலும் அளவு மாறிவிடும் என்பதால் அதை நான் பரிந்துரைக்கவில்லை.