இல்லத்திலிருந்து சொந்தக் குடித்தனத்துக்கு: சேலத்தில் செய்ய வேண்டியவை

பல ஆண்டுகளாக ஒரு பராமரிப்பு இல்லத்தில் வாழ்ந்த அறிவுசார் குறைபாடுடைய ஒருவரைச் சேலம் நகரில் வாடகை வீட்டில் குடியமர்த்த விரும்பும் குடும்பத்தினரும் பணியாளர்களும், வீடு பார்ப்பதற்கு முன் அவருடைய விருப்பத்தை அறிந்துகொள்ள வேண்டும். சமூகத்தில் வாழும் உரிமை அவருக்கு உண்டு என்றும், குறிப்பிட்ட ஓர் ஏற்பாட்டில்தான் வாழ வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது என்றும் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 5ஆம் பிரிவு கூறுகிறது.

பேச்சு வராதவரிடம் விருப்பத்தை அறியப் பொறுமை வேண்டும். அம்மாபேட்டையில் ஒரு வீடும் சூரமங்கலத்தில் ஒரு வீடும் கிடைக்கும் என்றால், இரண்டுக்கும் பலமுறை அழைத்துச் சென்று, பகலிலும் இருட்டிய பிறகும் அங்கே அவர் எப்படி இருக்கிறார், எங்கே உட்காருகிறார், எப்போது வெளியேறப் பார்க்கிறார் என்று கவனித்து எழுதி வையுங்கள். அம்மாபேட்டையின் தறிச் சத்தம் ஒருவருக்குத் தொல்லையாகவும் இன்னொருவருக்குத் துணையாகவும் இருக்கலாம். அதைவிட முக்கியமானது, யாருடன் வாழ்வது என்பது. இல்லத்தில் பக்கத்துக் கட்டிலில் படுத்தவரே அவருக்கு உடன்பிறப்பைப் போன்றவராக இருக்கக்கூடும். அந்த உறவைப் பிரித்துவிட்டு எவ்வளவு நல்ல வீட்டைத் தந்தாலும் அவர் அங்கே ஒன்றமாட்டார்.

முதலில் பகல் பொழுது, பிறகு ஓர் இரவு, அதன் பிறகு வாரக் கடைசி என்று படிப்படியாகப் பழக்குங்கள். பிடிக்கவில்லை என்றால் வேறு வீடு பார்க்கலாம் என்ற நிலை இருக்க வேண்டும்.

ஆவணங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை (UDID), வங்கிக் கணக்கு, பராமரிப்பு உதவித்தொகை ஆகியவற்றை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தின் உதவியோடு முன்கூட்டியே முடித்துவிடுங்கள். 18 வயது நிறைந்தவருக்குச் சட்டப்பூர்வப் பாதுகாவலரை நியமிக்கும் அதிகாரம், தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999-இன்படி ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழுவிடம் உள்ளது. ஆனால், குடிபெயர்வதற்கு அது கட்டாயம் என்று எண்ணிவிட வேண்டாம். 2016ஆம் ஆண்டுச் சட்டம், குறிப்பிட்ட முடிவுக்கும் காலத்துக்கும் மட்டுமான, அவரோடு கலந்து முடிவெடுக்கும் வரையறுக்கப்பட்ட பாதுகாவலையே முன்வைக்கிறது.

வலிப்பு மருந்து உண்பவராக இருந்தால், ஒரு வேளையும் தவறாமல் இருக்க வேளை வாரியாக அறைகள் கொண்ட மருந்துப் பெட்டியை வாங்குங்கள்; மருத்துவரைக் கேட்காமல் மருந்தை நிறுத்தவே கூடாது. ஏற்காட்டு மலைக் கிராமத்திலுள்ள உறவினர் வீட்டுக்குத் திரும்ப விரும்புபவருக்கு, மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டித்தான் நகரத்து மருத்துவமனைக்கு வர முடியும் என்பதால், கூடுதல் மருந்து இருப்பும் இரவில் அழைத்தாலும் வரக்கூடிய ஒரு வண்டியும் முதலிலேயே ஏற்பாடாக வேண்டும்.

பெரும்பாலும் தவறு நேர்வது குடியேறிய பிறகுதான். சமையலறைக்குப் பூட்டு, எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சாப்பாடு, உதவியாளர் கையில் வருகைப் பதிவேடு என்று பழைய வழக்கங்கள் உடன் வந்தால், அந்த வீடும் சிறிய இல்லமாகவே மாறிவிடும். வாசல் சாவி ஒன்று அவரிடமே இருக்கட்டும். உழவர் சந்தையில் தக்காளியை அவர் பொறுக்கட்டும். நேரமானாலும் பணத்தை அவரே கொடுக்கட்டும். குழாயில் தண்ணீர் வரும் நாளில் குடத்தோடு அவரும் வெளியே வந்தால், பக்கத்து வீட்டார் அவரைப் பெயர் சொல்லி அழைக்கத் தொடங்குவார்கள். ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழாவுக்குப் போகும்போது உதவியாளர்தான் அழைத்துப் போக வேண்டும் என்றில்லை. அந்தத் தெருக்காரர்களோடு போகலாமா என்று அவரிடமே கேளுங்கள்.