இரண்டு ஆண் கினி பிக் சண்டை போட்டால் என்ன செய்வது?

வாங்கி வந்தபோது ஒன்றின் மேல் ஒன்று படுத்துத் தூங்கிய அண்ணன் தம்பி இரண்டு பேர், இரண்டு மாதம் கழித்து கூண்டுக்குள் ஒருவனை ஒருவன் துரத்த ஆரம்பித்தால் பயம் வரத்தான் செய்யும். பட்டாணி, மொச்சை என்ற எங்கள் வீட்டு இரண்டு ஆண்களுக்கும் நான்காவது மாதத்தில் இது தொடங்கியது. ஆண் கினி பிக்குக்கு ஏறக்குறைய மூன்று மாதத்தில் விடலைப் பருவம் தொடங்கி, ஒரு வயது தாண்டும் வரைகூட இருக்கும். இருவரில் யார் பெரியவன் என்று முடிவாகும் வரை வீட்டில் சத்தம்தான். அதனால் முதல் உறுமலுக்கே பிரித்துவிடாதீர்கள். பிரித்து மறுபடி சேர்த்தால் அவர்கள் அந்தப் போட்டியை முதலில் இருந்து தொடங்குவார்கள்.

1. முதலில் உட்கார்ந்து பாருங்கள்

இடுப்பை ஆட்டி ஆட்டி உறுமிக்கொண்டே சுற்றுவது, மேலே ஏறுவது, துரத்துவது, மூக்கை உயர்த்திக் காட்டுவது எல்லாம் சாதாரணம். பல்லைக் கடகடவென்று அடிப்பது "தள்ளிப் போ" என்ற எச்சரிக்கை. ஒருவன் ஒதுங்கிப் போய்விட்டால் பிரச்சினை அங்கேயே முடிந்தது. ஆனால் யாரும் ஒதுங்காமல், பிடரி முடி சிலிர்த்து, நேருக்கு நேர் நின்று வாயைத் திறந்து பல்லைக் காட்டி, பாய்ந்து கடித்து, இரண்டும் ஒரே பந்தாக உருண்டால் அது நிஜச் சண்டை. அப்போது காத்திருக்கக் கூடாது.

2. உருண்டால் கையை உள்ளே விடாதீர்கள்

அந்த வேகத்தில் எது விரல், எது எதிரி என்று அவற்றுக்குத் தெரியாது, கடி ஆழமாக இறங்கும். தடிமனான துண்டை மேலே போடுங்கள், அல்லது முறத்தையோ கெட்டி அட்டையையோ நடுவில் நுழைத்துவிடுங்கள். பிரித்ததும் இருவரின் முடியையும் விலக்கிப் பாருங்கள், முக்கியமாகப் பின்புறமும் உதடும். சிறிய கடி வெளியே ஆறினாலும் உள்ளே சீழ் கட்டலாம், அதனால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். வீட்டில் மிச்சம் இருக்கும் ஆன்டிபயாடிக்கை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அமாக்ஸிசிலின் போன்ற மருந்தை வாய்வழி கொடுத்தால் கினி பிக்கின் குடல் கெட்டு உயிரே போகலாம்.

3. இடத்தைப் பெரிதாக்குங்கள்

பெரும்பாலான சண்டைக்குக் காரணம் இடம் போதாததுதான் என்பது என் உறுதியான கருத்து. கடைகளில் விற்கும் சின்னக் கூண்டு இரண்டு ஆண்களுக்குப் போதவே போதாது. குறைந்தது 5 அடி நீளம், 2 அடி அகலம், அதுவும் ஒரே தளத்தில். மாடி வைத்த கூண்டில் ஒருவன் படியை மறித்து உட்கார்ந்துவிட்டால் மற்றவன் தண்ணீருக்கே வர முடியாது.

4. எல்லாம் இரண்டிரண்டு

தண்ணீர் பாட்டில் இரண்டு, சாப்பாட்டுக் கிண்ணம் இரண்டு, புல் குவியல் இரண்டு, ஒவ்வொன்றும் கூண்டின் எதிரெதிர் மூலையில். ஒளியும் வீடும் இரண்டு வேண்டும், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாசல் வேண்டும். ஒரே வாசல் உள்ள பெட்டிக்குள் ஓடியவன் மாட்டிக்கொள்கிறான், தப்பிக்க வழியில்லாதவன் கடிக்கிறான். நாங்கள் செருப்பு அட்டைப் பெட்டியில் இரு பக்கமும் ஓட்டை வெட்டி வைத்தோம், மறுநாளே துரத்தல் பாதியாகக் குறைந்தது.

5. சின்ன விஷயங்கள், ஆனால் விடாதீர்கள்

பெண் கினி பிக் இருந்தால் வேறு அறையில் வையுங்கள், அதன் வாசனையே இவர்களைச் சீண்டிவிடும். மூன்றாவது ஆணைச் சேர்க்க வேண்டாம். ஆண்மை நீக்கம் செய்தால் சரியாகிவிடும் என்று சொல்வார்கள், பொதுவாகச் சண்டை அதனால் நிற்பதில்லை. அப்புறம் வாரம் ஒரு முறை இருவரையும் சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். ஒருவன் மட்டும் எடை குறைந்துகொண்டே வந்தால், நீங்கள் பார்க்காத நேரத்தில் அவனுக்குச் சாப்பாடு கிடைக்கவில்லை என்று சந்தேகப்படலாம், நோயாகவும் இருக்கலாம்.

6. மறுபடி சேர்ப்பது

ரத்தம் வராத சண்டை என்றால், கோபம் அடங்கியதும் இருவருமே போகாத ஒரு தரையில் துண்டு விரித்து, நிறையப் புல்லும் கொத்தமல்லியும் பரப்பி, இருவரையும் ஒன்றாக விடுங்கள். ஒளிய எதுவும் வைக்காதீர்கள். இரண்டு மூன்று மணி நேரம் பக்கத்திலேயே இருங்கள், ஒவ்வொரு உறுமலுக்கும் குறுக்கே போகாதீர்கள். திரும்பக் கூண்டில் விடுவதற்கு முன் அதை நன்றாகக் கழுவி, பொருள்களை இடம் மாற்றி வைத்தால் பழைய வாசனையும் பழைய எல்லையும் போய்விடும்.

ஆழமாகக் கடித்து ரத்தம் வந்துவிட்டால் அந்த ஜோடியை மறுபடி சேர்க்காதீர்கள். ஆனால் தனித்தனி அறையிலும் வைக்காதீர்கள், இவை தனிமை தாங்காத பிராணிகள். அதே கூண்டின் நடுவில் உயரமான கம்பி வலை போட்டு, இருவரும் பார்க்கவும் மோப்பம் பிடிக்கவும் வழி விடுங்கள். வலையின் கண் மட்டும் மூக்கு நுழையாத அளவுக்குச் சிறிதாக இருக்கட்டும்.