உண்ணி வைரஸின் புதுப் பெயரைக் கண்டுபிடிப்பது எப்படி?

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் விலங்கியல் படிக்கும் பிள்ளைகள் உண்ணி பரப்பும் குரங்குக் காய்ச்சல் (கியாசனூர் காட்டு நோய்) பற்றி ப்ராஜெக்ட் எழுத உட்கார்ந்தால் பெயரிலேயே நின்றுவிடுகிறார்கள். நூலகப் புத்தகத்தில் ‘ஃபிளேவிவைரஸ்’, புதுக் கட்டுரையில் ‘ஆர்த்தோஃபிளேவிவைரஸ்’. எனக்கும் இதே சந்தேகம் வந்தது. நான் தீர்த்துக்கொண்ட வழி இது.

படி 1: வைரஸ் வகைப்பாட்டை முடிவு செய்வது ஐ.சி.டி.வி. என்னும் பன்னாட்டுக் குழு. அதன் தளத்திலிருந்து வி.எம்.ஆர். என்ற எக்செல் கோப்பை இறக்குங்கள்; வைரஸ் பெயரும் இனப்பெயரும் அதில் இருக்கும். எம்.எஸ்.எல். என்ற பட்டியலும் அங்கே உண்டு, ஆனால் அதில் வைரஸின் வழக்குப் பெயர் இருக்காது. புதிதாகத் தொடங்குபவருக்கு வி.எம்.ஆர்.தான் சரி.

படி 2: வைரஸ் பெயர் இருக்கும் பத்தியில் (column) தேடுங்கள், இனப்பெயர் (species) பத்தியில் வேண்டாம். குழப்பமெல்லாம் இங்கேதான். 1957-ல் கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்தில் கண்டறிந்த வைரஸ் இன்றும் கியாசனூர் காட்டு நோய் வைரஸ்தான். மாறியது அது அடங்கும் இனத்தின் பெயர்: ஆர்த்தோஃபிளேவிவைரஸ் கியாசனூரென்சே. இனங்களுக்கு இப்படி இருசொல் பெயர் வேண்டும் என்று 2021-ல் முடிவானது. ‘ஃபிளேவிவைரஸ்’ என்றால் குடும்பமா (family) பேரினமா (genus) என்று தெரியாமல் போனதால், 2023-ல் பேரினத்துக்கு ‘ஆர்த்தோ’ சேர்ந்தது. ஆங்கிலத்தில் எழுதும்போது இனப்பெயர் சாய்வெழுத்தில், வைரஸ் பெயர் நேரெழுத்தில். ஆய்வகத்தில் பிரிப்பது வைரஸைத்தான், ஆகவே ‘ரத்தத்தில் கியாசனூரென்சே கிடைத்தது’ என்று எழுதாதீர்கள்.

படி 3: கோப்பில் அதே வரிசையில் (row) குடும்பத்தையும் பாருங்கள். பேச்சிப்பாறை, கீரிப்பாறை பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் காலில் ஏறும் உண்ணியைப் பார்த்தவர்களுக்கு, உண்ணி பரப்பும் வைரஸ்கள் எல்லாம் ஒரே கூட்டம் என்று தோன்றலாம். அப்படி இல்லை. வகைப்பாடு மரபணுவை வைத்துத்தான். கியாசனூர் வைரஸுக்கு ஆர்.என்.ஏ. ஒரே துண்டு, கொசு பரப்பும் டெங்கு வைரஸும் அதே பேரினம். கிரிமியன்-காங்கோ ரத்தக்கசிவுக் காய்ச்சல் வைரஸை உண்ணிதான் பரப்புகிறது என்றாலும் அதன் ஆர்.என்.ஏ. மூன்று துண்டு, குடும்பம் நைரோவிரிடே.

பின்சேர்க்கை: ‘கஞ்சம் வைரஸ் எந்த இனம்?’ என்று குலசேகரத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தில் ஆட்டு உண்ணியிலிருந்து 1954-ல் பிரித்த வைரஸ் அது. மரபணுவை ஒப்பிட்டபோது ஆப்பிரிக்காவின் நைரோபி ஆட்டு நோய் வைரஸின் ஆசிய வடிவம் என்று தெரிந்தது. இரண்டும் ஆர்த்தோநைரோவைரஸ் நைரோபியென்சே இனத்தில் அடங்கும். பழைய இந்திய ஆய்வுகளைத் தேடும்போது இரண்டு பெயரையும் போட்டுத் தேடுங்கள்.