பென்சிலுக்கு முன்னால் மணல்: பிள்ளைகளுக்கு எழுதப் பழக்குவது எப்படி

எல்.கே.ஜி. சேர்த்த மறுவாரமே பிள்ளை கையில் பென்சிலைக் கொடுத்து, புள்ளி வைத்த எழுத்தின் மேல் பக்கம் பக்கமாக இழுக்க வைக்கும் பழக்கம் ராமேஸ்வரம் தீவில் இருக்கும் எங்கள் தங்கச்சிமடத்திலும் வந்துவிட்டது. மாலையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை உட்காரவைத்து எழுதச் சொல்லித்தருகிறேன். அதில் பார்த்ததைச் சொல்கிறேன், புள்ளி மேல் இழுக்கிற பிள்ளை அடுத்த புள்ளி எங்கே என்றுதான் பார்க்கிறது, எழுத்தைப் பார்ப்பதில்லை. பக்கத்தை மூடிவிட்டு "ம எழுது" என்றால் விழிக்கிறது.

இது என் ஊகம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் இண்டியானா பல்கலைக்கழகத்தின் கேரின் ஜேம்ஸ் 2012இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். இன்னும் வாசிக்கப் பழகாத ஐந்து வயதுப் பிள்ளைகளைச் சில எழுத்துகளைப் பார்த்துத் தாமே எழுதவும், சிலவற்றைக் கோட்டின் மேல் இழுக்கவும், சிலவற்றைக் கீபோர்டில் தட்டவும் வைத்து, அப்புறம் ஸ்கேனில் மூளையைப் பார்த்தார்கள். தாமே எழுதிய எழுத்தைப் பார்த்தபோதுதான், வாசிப்புக்குத் தேவையான மூளைப் பகுதிகள் வேலை செய்தன. பிள்ளை எழுதும் 'ம' ஒவ்வொரு தடவையும் கோணலாக, வேறு வேறு மாதிரி வரும். இத்தனை கோணலுக்குள்ளும் 'ம' எது என்று மூளை பிரித்தறியப் பழகுகிறது. அதனால் கோணலைப் பார்த்துத் திட்டாதீர்கள், ரப்பரை எடுத்து ஒளித்துவையுங்கள்.

சரி, எங்கே தொடங்குவது? மணலில். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் நம் முன்னோர்கள் விரலால் மணலில்தான் எழுதிப் பழகினார்கள், நமக்கோ வாசலிலேயே கடல். வடகடல் பக்கம் அலை குறைவு, சாயங்காலம் ஈர மணலில் உட்காரவைத்து ஒரு முழ உயரத்துக்கு எழுதவிடுங்கள். தோள் முழுக்க அசையும், விரலில் மணல் உரசும், தப்பானால் ஒரு கை தடவினால் போச்சு. 'அ'வில் தொடங்க வேண்டாம், அந்தச் சுழிப்பு மூன்றரை வயதுக் கைக்குக் கஷ்டம். ட, ப, ம என்று நேர்கோட்டு எழுத்துகள் முதலில், அப்புறம் ய, வ, அதற்கப்புறம் அ, இ. நீங்கள் ஒரு தடவை எழுதிக் காட்டிவிட்டு அழித்துவிடுங்கள், பிள்ளை நினைவிலிருந்து எழுதட்டும்.

கைக்கு வலு வருவது நோட்டில் இல்லை. மணிக்கட்டில் இருக்கும் 8 சிறு எலும்புகளும் பிறக்கும்போது வெறும் குருத்துதான், ஒவ்வொன்றாக முற்றி, கடைசியாக ஒன்று முற்றத் தொடங்கவே 8 வயதுக்கு மேல் ஆகிவிடும். அந்தக் கையை ஒரு மணி நேரம் எழுது என்றால் எப்படி? அப்பத்தா பூக் கட்டும்போது பக்கத்தில் உட்காரவைத்து நாலு பூ கட்டச் சொல்லுங்கள். பனை ஓலை முடையட்டும், சிப்பி கோக்கட்டும், வலை கிழிசல் தைக்கும் அப்பாவுக்கு நூல் பிடிக்கட்டும். எல்லாமே பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து செய்யும் வேலை, பென்சில் பிடிக்கத் தேவையானதும் அதுவேதான்.

பென்சிலுக்கு வரும்போது முழு நீளப் பென்சில் கொடுக்காதீர்கள். இரண்டு அங்குலத் துண்டுப் பென்சிலோ உடைந்த சாக்பீஸோ கொடுத்தால் முஷ்டியால் பிடிக்க இடமே இருக்காது, மூன்று விரல் தானாக வந்துவிடும். என் மகள் பெருவிரலை மற்ற விரல்களுக்கு மேலே சுற்றிப் பிடித்து, நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்துவாள். எழுதிய பக்கத்தைத் திருப்பித் தடவினால் எழுத்து புடைத்துக்கொண்டு நிற்கும். சுவரில் கரும்பலகை மாட்டி ஒரு மாதம் நின்றபடி சாக்பீஸில் எழுதவைத்தேன், அழுத்தம் தானாகக் குறைந்தது. உட்கார்ந்து எழுதும்போது கால் அந்தரத்தில் தொங்கக் கூடாது, காலுக்கு ஒரு பலகை போடுங்கள்.

247 எழுத்து என்று மலைக்க வேண்டாம். உயிர் 12, மெய் 18 கைவந்தால் காலும் கொம்பும் சேர்த்து ஓடிவிடலாம். கு, சு, மு, து வரிசை மட்டும் எழுத்துக்கு எழுத்து மாறும், அதற்கு நாள் கொடுங்கள். அப்புறம் தனி எழுத்தை விட்டுவிட்டுச் சொல்லுக்கு வாருங்கள். ஏப்ரல் 15இலிருந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகில் போகிற அப்பாக்கள் கரையில்தான் இருக்கிறார்கள், அவர்கள் சொல்லச் சொல்லப் பிள்ளை மீன் பெயர் எழுதட்டும். காரலுக்கு எந்த ர, பாறைக்கு எந்த ற, சீலாவுக்கு எந்த ல, வாளைக்கு எந்த ள என்பதெல்லாம் சாப்பிட்ட மீனோடு சேர்ந்து மனதில் நின்றுவிடும்.

இடது கையால் எழுதும் பிள்ளையை மட்டும் தயவுசெய்து மாற்றாதீர்கள். கையில் அடித்து மாற்றப்பட்டு, எழுதுவது என்றாலே பயந்து வளர்ந்த ஒருவரை என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன், அந்த வேதனை இன்னொரு பிள்ளைக்கு வேண்டாம். நோட்டின் மேல்பக்கம் வலப்புறம் சாயும்படி லேசாகத் திருப்பி வையுங்கள், எழுதிய எழுத்தைக் கை மறைக்காது. பெஞ்சில் இடது ஓரத்தில் உட்காரவைக்கும்படி டீச்சரிடம் கேளுங்கள், முழங்கை இடிக்காது.

ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். கை வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் சாக்கு என்று நினைக்காமல் உடனே நிறுத்துங்கள். 7, 8 வயதிலும் தினமும் வலி, எழுத்து இடம் வலம் மாறித் திரும்பி விழுகிறது, வாயால் அழகாகச் சொல்வதை எழுத முடியவில்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் நோட்டையும் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.