பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள்

இங்கிலாந்தில் பிள்ளையின் மனநலத்துக்காக என்.எச்.எஸ். (அரசு மருத்துவச் சேவை) சிகிச்சையாளரைப் பார்க்க நாள் வாங்கும்போதே, "தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும், நேரமும் கூடுதலாக வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள். இதற்குக் கட்டணம் கிடையாது. அன்றைக்குப் போய் நின்று கேட்டால் ஆள் கிடைப்பது கஷ்டம்; இன்னொரு நாள் வரச் சொன்னால் காத்திருந்த வாரங்கள் வீண்.

"அவனுக்குத்தான் இங்கிலீஷ் நன்றாக வருமே" என்று பிள்ளையையே பேச வைக்கிறோம். தன்னைப் பற்றி அம்மா சொல்லும் குறையை ஒன்பது வயதுப் பையன் முழுதாகவா எடுத்துச் சொல்வான்? பாதியை விழுங்கிவிடுவான். அப்புறம் நம் பேச்சும் லேசுப்பட்டதல்ல. "நெஞ்சு அடைக்குது" என்றால் பயமா, துக்கமா, இதயக் கோளாறா? "மனசு சரியில்லை" என்பதைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் போட்டால் புத்தி பேதலித்த மாதிரி ஒலிக்கும். பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் இருந்தால் அந்த இடத்தில் நிறுத்தி, என்ன அர்த்தத்தில் சொன்னீர்கள் என்று கேட்பார். யாழ்ப்பாணத் தமிழா, தமிழ்நாட்டுத் தமிழா என்பதையும் முன்பே சொல்லி வையுங்கள்.

வருபவர் தெரிந்தவராக இருந்துவிடுவாரோ என்ற கூச்சம் இருந்தால், தொலைபேசி வழி மொழிபெயர்ப்பைக் கேளுங்கள். பிள்ளை தனியாக ஆங்கிலத்தில் பேசும் அமர்வுகளுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படாது. தனியார் சிகிச்சை என்றால் செலவு யாருடையது என்று முதலில் விசாரியுங்கள். பிள்ளையின் உயிருக்கே ஆபத்து என்றால் மொழிபெயர்ப்பாளருக்காகக் காத்திருக்காமல் அவசர உதவி எண்ணான 999-ஐ அழையுங்கள்.